எரித்தால் காசு!

உங்கள் வீட்டுப் பழைய ஏ.சி.யைக் கழற்ற மெக்கானிக் வருகிறார். என்ன செய்வார்? மொட்டை மாடிக்குப் போவார். ஸ்பானரை வைத்து ஒரு திருகு. 'புஸ்ஸ்ஸ்...' அவ்வளவுதான், கேஸ் காலி. டீ குடித்துவிட்டுப் போய்விடுவார்.

அந்தப் 'புஸ்'ஸின் விலை என்னவென்று பார்க்கலாமா? நான் பி.காம். ஆசாமி. கெமிஸ்ட்ரி வராது. வரவு செலவு வரும்.

பழைய ஏ.சி.க்களில் பெரும்பாலும் இருப்பது ஆர்-22. இது 1 கிலோ காற்றில் கலந்தால், நூறு வருடக் கணக்கில் பூமியைச் சூடாக்குவதில் சுமார் 1,800 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். போதாக்குறைக்கு ஓசோனையும் கொஞ்சம் அரிக்கும். அதையே பிடித்து உலையில் போட்டு எரித்தால்? கேஸிலிருந்து வரும் கார்பன் டை ஆக்சைடு வெறும் அரை கிலோ. உலைக்கு ஆகும் எரிபொருளைச் சேர்த்தாலும் லாபம்தான்.

ஆனால், எரிப்பது லேசுப்பட்ட காரியமில்லை. இந்த ரகமே சுலபத்தில் தீப்பிடிக்காது என்பதற்காக உருவாக்கப்பட்டது. 1930-ல் தாமஸ் மிட்ஜ்லி, இதன் அண்ணனான ஃப்ரியானை வாயில் இழுத்து, ஃபூ என்று ஊதி மெழுகுவத்தியை அணைத்தே காட்டினார்! அப்பேர்ப்பட்டதை எரிக்க ஆயிரம் டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். எரிந்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலம் வரும். கண்ணாடியையே அரிக்கும் ஹைட்ரோஃப்ளோரிக் அமிலமும் வரும். புகை மெதுவாக ஆறினால் டையாக்ஸின் என்ற விஷம் உருவாகும். ஆகவே சட்டென்று குளிரவைத்து, காரக் கரைசலில் கழுவி, அமிலத்தை உப்பாக்கி, அப்புறம்தான் புகைபோக்கிக்கு விட வேண்டும். எந்தெந்த முறையில் அழிக்கலாம் என்று 1992-லேயே மான்ட்ரீல் ஒப்பந்த நாடுகள் கோபன்ஹேகனில் கூடிப் பட்டியல் போட்டன. போட்டதில் 99.99 சதவீதம் அழிய வேண்டும் என்பது அளவுகோல்.

கதை இங்கேதான் சூடு பிடிக்கிறது.

ஆர்-22 தயாரிக்கும்போது ஹெச்.எஃப்.சி-23 என்றொரு கழிவு வாயு கூடவே பிறக்கும். இது பரம வில்லன். 1 கிலோ, 12,000 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்கும் மேல்! 2005-ல் அமலுக்கு வந்த கியோட்டோ ஒப்பந்தம் ஒரு வழி சொன்னது. 'வளரும் நாட்டுத் தொழிற்சாலைகளே, கழிவை எரியுங்கள். மிச்சமாகும் ஒவ்வொரு டன்னுக்கும் பத்திரம் தருகிறோம். பணக்கார நாடுகள் வாங்கிக்கொள்ளும்.' சீனாவிலும் இந்தியாவிலும் மளமளவென்று உலைகள் எழுந்தன.

நல்ல திட்டம்தானே? 2007-ல் மைக்கேல் வாரா என்ற அமெரிக்க ஆய்வாளர் 'நேச்சர்' இதழில் கணக்கைப் பிரித்து மேய்ந்தார். எரிக்க ஆகும் செலவு 10 கோடி யூரோவுக்கும் குறைவு. பத்திரங்களின் மதிப்போ 470 கோடி யூரோ! சரக்கை விற்பதைவிடக் கழிவை எரிப்பதில் லாபம் அதிகம்.

எலி வாலுக்குக் காசு என்றால், எலி பிடிக்க மட்டுமா ஆள் வரும்? எலி வளர்க்கவும் வரும். 'எரிப்பதற்காகவே கூடுதலாகத் தயாரிக்கிறார்கள்' என்று 2010-ல் சுற்றுச்சூழல் அமைப்புகள் போர்க்கொடி தூக்கின. ஐரோப்பிய யூனியன் விழித்துக்கொண்டது. 2013 மே முதல் தன் சந்தையில் அந்தப் பத்திரங்கள் செல்லாது என்று கதவைச் சாத்தியது.

சரி, காசு நின்றால் உலை எரியுமா? 2016-ல் இந்தியா தன் கம்பெனிகளிடம், 'உங்கள் சொந்தச் செலவில் எரியுங்கள்' என்று சொல்லிவிட்டது. உலகக் கணக்கு வேறு மாதிரி போனது. 2018-ல் காற்றில் கலந்த ஹெச்.எஃப்.சி-23 அதுவரை இல்லாத உச்சம் என்று 2020-ல் விஞ்ஞானிகள் அளந்து சொன்னார்கள். குறைத்துவிட்டதாகக் காகிதத்தில் எழுதியது ஒன்று, காற்று காட்டியது இன்னொன்று. எந்த ஆடிட்டரும் காற்றை ஏமாற்ற முடியாது, சார்!

மறுபடி மொட்டை மாடிக்கு வருவோம். மான்ட்ரீல் ஒப்பந்தம் இந்த வாயுக்களின் தயாரிப்புக்கும் வியாபாரத்துக்கும்தான் கடிவாளம் போட்டது. பழைய பெட்டிகளுக்குள் ஏற்கெனவே அடைபட்டுக் கிடப்பதைப் பிடித்து அழித்தே தீர வேண்டும் என்று கட்டாயப்படுத்தவில்லை. எரிக்க அள்ளிக் கொடுத்தால் தில்லுமுல்லு. ஒன்றுமே கொடுக்காவிட்டால் 'புஸ்'. இரண்டுக்கும் நடுவில் நியாயமான கூலி எவ்வளவு? உலகம் இன்னும் பேரம் பேசிக்கொண்டிருக்கிறது.

அதுவரை நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அடுத்த முறை மெக்கானிக் ஸ்பானரை எடுத்ததும் கேளுங்கள்: "கேஸைப் பிடிக்க சிலிண்டர் கொண்டுவந்தீங்களா, தம்பி?"