புகழின் வாயிலில் நின்றுபோன இசைக்குழுக்கள்: சிம்லா பீட் முதல் மொஹீனேர் கோராகுலி வரை

1960களின் பிற்பகுதியில் இம்பீரியல் டொபாக்கோ நிறுவனம் தன் சிம்லா சிகரெட்டை இளைஞரிடையே விளம்பரப்படுத்தும் பொருட்டு ஓர் இசைப்போட்டியைப் பம்பாயில் நடத்தத் தொடங்கியது. ‘சிம்லா பீட்’ என்ற பெயர்கொண்ட அப்போட்டிக்கு நாட்டின் பல நகரங்களிலிருந்தும் மின்கிட்டாரும் டிரம்ஸுமாக இளைஞர் குழுக்கள் வந்து சேர்ந்தன. 1970, 1971 ஆகிய ஆண்டுகளில் அக்குழுக்களின் பாடல்களைத் தொகுத்து இரண்டு எல்.பி. இசைத்தட்டுகள் வெளிவந்தன. ஷில்லாங்கின் ஃபென்டோன்ஸ், சென்னையின் கன்ஃப்யூஷன்ஸ், பெங்களூரின் டைனோசார்ஸ், கல்கத்தாவின் கிரேட் பேர் ஆகியவை அவற்றில் இடம்பெற்றவற்றுள் சில. இன்று இப்பெயர்களை அறிந்தோர் பழைய இசைத்தட்டு சேகரிப்போரும் ஒருசில ஆய்வாளர்களுமே.

இக்குழுக்கள் ஏன் நிலைக்கவில்லை என்ற கேள்விக்கு வழக்கமாகத் தரப்படும் விடை எளிமையானது: அவை மேற்கின் நகல்கள், நகலுக்கு ஆயுள் குறைவு. இவ்விடை பாதி உண்மையே. சிம்லா பீட் தட்டுகளில் மேற்கத்தியப் பாடல்களின் மறுவடிவங்கள் உண்டு; சொந்தப் பாடல்களும் உண்டு. மேலும், பிறர் பாடல்களைப் பாடித் தொடங்குவது எந்தக் குழுவுக்கும் இழுக்கன்று. 1963இல் வெளிவந்த பீட்டில்ஸ் குழுவின் முதல் இசைத்தட்டிலிருந்த 14 பாடல்களில் 6 பிறருடையவை. ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் முதல் தட்டில் பிறர் பாடல்களே மிகுதி. அக்குழுக்களை நகலிலிருந்து மீட்டது அவற்றுக்குக் கிடைத்த இரண்டாவது, மூன்றாவது, நான்காவது இசைத்தட்டு. சிம்லா பீட் குழுக்களுக்கு வாய்த்ததோ தொகுப்பொன்றில் ஓரிரு பாடல்கள். வளர்ச்சியைக் காட்டுவதற்குரிய கால அவகாசம் அவற்றுக்கு அளிக்கப்படவே இல்லை.

அந்த அவகாசத்தை மறுத்தது இந்திய இசைத்தொழிலின் அமைப்பு. எச்.எம்.வி. முத்திரையுடன் டம்டம் ஆலையிலிருந்து தட்டுகளை வெளியிட்ட கிராமபோன் கம்பெனி பல பத்தாண்டுகளாக ஏறத்தாழ ஏகபோகமாக இருந்தது. அதன் வருவாயின் முதுகெலும்பு திரைப்பாடல். திரைப்பாடலுக்கு முதலீடு செய்பவர் தயாரிப்பாளர். விளம்பரம் செய்வது படம். ஆங்கிலத்தில் பாடும் ஒரு கல்லூரிக் குழுவுக்கு இவ்விரண்டும் இல்லை. வெளிநாட்டு இசைக்கருவிகளின் மீது கடும் இறக்குமதிக் கட்டுப்பாடும் உயர்ந்த வரியும் இருந்தன. ஆகவே ஒரு சிகரெட் நிறுவனத்தின் விளம்பரச் செலவு இக்குழுக்களின் ஒரே புரவலராக ஆனதில் வியப்பில்லை. விளம்பரத்தின் நோக்கம் சரக்கை விற்பது, இசைக்குழுவை வளர்ப்பதன்று. போட்டி நின்றதும் புரவலரும் மறைந்தார்.

இதே அமைப்பு திறமையாளரை வேறொரு வகையிலும் மறைத்தது. பம்பாய்த் திரையிசைக் கூடங்கள் தேர்ந்த வாத்தியக்காரர்களுக்கு நிலையான ஊதியம் தந்தன. ஆனால், அங்கு வாசித்தவர்களின் பெயர்கள் இசைத்தட்டின் உறையில் பெரும்பாலும் அச்சாவதில்லை. சரண்ஜித் சிங் அத்தகைய கலைஞர். திரையிசைக் குழுக்களில் பல கருவிகளை வாசித்தவர். 1982இல் ரோலண்ட் நிறுவனத்தின் மின்னிசைக் கருவிகளைக் கொண்டு பத்து இராகங்களை டிஸ்கோ தாளத்தில் அமைத்து எச்.எம்.வி. வழியே ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். அது விற்கவில்லை. அதில் பயன்பட்ட டி.பி. 303 என்ற கருவியே பின்னர் சிகாகோ நகரில் ‘ஆசிட் ஹவுஸ்’ என்ற நடன இசைக்கு அடித்தளமாயிற்று. அவ்வகையின் தொடக்கமாகக் கருதப்படும் ஃப்யூச்சர் குழுவின் பதிவு 1987இல் வெளிவந்தது. 2010இல் நெதர்லாந்திலிருந்து சரண்ஜித் சிங்கின் தட்டு மறுவெளியீடு பெற்றபோது, அவர் அவ்விசையின் தந்தை என்று எழுதியவர்கள் பலர். 2015இல் மறையும் முன் முதிய வயதில் ஐரோப்பிய மேடைகளில் அவர் வாசித்தார்.

இங்கு வரலாற்று மாணவர் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். ஒன்றுக்கு முன்னே நிகழ்ந்தது என்பது வேறு. அதற்குக் காரணமாக அமைந்தது என்பது வேறு. சிகாகோவின் இளைஞர்கள் சரண்ஜித் சிங்கின் தட்டைக் கேட்டு இசையமைத்தனர் என்பதற்குச் சான்று இல்லை. ஒரே கருவி, இரண்டு இடங்களில், தனித்தனியே ஒத்த ஒலிக்கு இட்டுச்சென்றது என்பதே பொருத்தமான விளக்கம். அவருடைய சாதனை இதனால் குறைவதில்லை. பம்பாயில் அச்சோதனையைத் தொடர ஒரு கூடமோ, கேட்டுப் பின்பற்ற ஒரு வட்டமோ இல்லை என்பதே துயரம். சிகாகோவில் அவை இருந்தன.

வட்டம் என்பதன் பொருளைக் கல்கத்தாவின் மொஹீனேர் கோராகுலி தெளிவாக்குகிறது. ‘மொஹீனின் குதிரைகள்’ என்று பொருள்படும் இப்பெயர் ஜீபனானந்த தாஸின் கவிதையொன்றிலிருந்து எடுக்கப்பட்டது. 1970களின் நடுவில் கௌதம் சட்டோபாத்யாயும் நண்பர்களும் அமைத்த இக்குழு, பாவுல் மரபையும் மேற்கத்திய இசையையும் இணைத்து வங்காளியில் பாடியது. 1977 முதல் 1979 வரை மூன்று இசைத்தட்டுகள் வெளிவந்தன. கேட்டவர் சிலரே, 1980களின் தொடக்கத்தில் குழு கலைந்தது. அதுவரை அதன் கதைக்கும் சிம்லா பீட் குழுக்களின் கதைக்கும் பெரிய வேற்றுமை இல்லை. ஆனால், 1995இல் கௌதம் சட்டோபாத்யாய் புதிய தொகுப்பொன்றை வெளியிட்டபோது, பாடுவதற்கு இளம் குழுக்கள் காத்திருந்தன. வங்காளி ராக் என்ற வகை அதன்பின் தழைத்தது. அத்தொகுப்பிலிருந்த ஒரு பாடலின் மெட்டு 2006இல் ‘கேங்ஸ்டர்’ என்ற இந்திப் படத்தில் நாடெங்கும் ஒலித்தது.

இரு கதைகளையும் பிரித்தது மொழி. வங்காளிப் பாடலை அடுத்த தலைமுறை தன்னுடையதாக ஏற்றுப் பாட முடிந்தது. கல்லூரி விழாவிலும் அடாவிலும் அது வாய்மொழியாக வாழ்ந்தது. ஆங்கிலத்தில் பாடிய குழுக்களின் கேட்போரோ ஒரு சிறு நகர்ப்புற வகுப்பினர். அவ்வகுப்பின் அடுத்த தலைமுறை அசல் மேற்கத்தியப் பதிவுகளைக் கேட்கும் வாய்ப்பைப் பெற்றதும் உள்ளூர்க் குழுக்களை நினைவில் வைத்திருக்கத் தேவையற்றுப் போயிற்று.

அண்மைக்கால மறுவெளியீடுகள் இவ்விழப்பை ஈடுசெய்கின்றன என்று கொள்வது அவசரம். கனடாவின் கால்கரி நகரில் ஒலிப்பதிவாகி 1982இல் வெளிவந்து மறக்கப்பட்ட ரூபா பிஸ்வாஸின் ‘டிஸ்கோ ஜாஸ்’ 2019இல் அமெரிக்க நிறுவனம் ஒன்றால் மீண்டும் வெளியிடப்பட்டது. சிம்லா பீட் தட்டுகளும் அயல்நாட்டில் மறுவாழ்வு பெற்றன. மகிழ்வுக்குரியதே. எனினும், சேகரிப்பாளரின் சந்தை அரிதானதைத் தேடுகிறது. அதுவும் தட்டாகப் பதிவானதை மட்டுமே தேட இயலும். ஓட்டல் அரங்குகளிலும் கல்லூரி விழாக்களிலும் மட்டும் வாசித்துக் கலைந்த குழுக்களை எந்த மறுவெளியீடும் மீட்காது. அவற்றைத் தேடுவோர் 1967 முதல் 1977 வரை கல்கத்தாவிலிருந்து வெளிவந்த ‘ஜூனியர் ஸ்டேட்ஸ்மன்’ போன்ற இளைஞர் இதழ்களின் பக்கங்களையும், வீட்டு அலமாரிகளில் எஞ்சிய புகைப்படங்களையும் துண்டறிக்கைகளையும், முதுமை எய்திவிட்ட அக்கலைஞர்களின் வாய்மொழியையுமே நாட வேண்டும். இம்மூன்றில் கடைசியானது ஆண்டுதோறும் குறைந்துவருகிறது.

நிலைத்த புகழைத் தரத்தின் சான்றாகவும், மறதியைத் தரமின்மையின் சான்றாகவும் கொள்ளும் பழக்கம் இசை வரலாற்றில் ஆழமாக வேரூன்றியுள்ளது. மேற்கண்ட கதைகள் அப்பழக்கத்தை ஐயுறத் தூண்டுகின்றன. ஒரு குழு நினைவில் நிற்க இசை மட்டும் போதாது; தொடர்ந்து பதிவு செய்யும் நிறுவனம், பெயரைக் குறித்துவைக்கும் வழக்கம், பாடலை ஏற்றுத் தொடரும் தலைமுறை ஆகிய மூன்றும் வேண்டும். மூன்றும் அமையாதவரை வெறும் தோல்வியாளராக எழுதிக் கடப்பது எளிது. எது அமையவில்லை, ஏன் அமையவில்லை என்று ஒவ்வொரு நகரத்திலும் கேட்பதே வரலாற்றாய்வின் பணி.