தூற்றினாலும் பறக்காத பதர்

களத்துல நெல்லைத் தூற்றினா பதர் காத்துல போயிடும், மணி காலடியில விழும். எடை வேற வேறங்கறதாலதான் ரெண்டையும் பிரிக்க முடியுது. மக்கள்கிட்ட கருத்துக் கேட்கறதுலயும் இதே கணக்குதான். ஒருத்தர் மெனக்கெட்டு எழுதின மனுவுக்கு அந்த மெனக்கெடலே ஒரு எடை.

அமெரிக்காவுல 1946-ல் ஒரு சட்டம் வந்தது. அரசுத் துறைகள் புது விதி போடறதுக்கு முன்னாடி மக்கள் கருத்தைக் கேட்டுப் பரிசீலிக்கணும். ரொம்ப வருஷம் கடுதாசியில நடந்த வேலை, பிறகு இணையத்துக்கு மாறுச்சு. அனுப்பறது சுலபமாச்சு, போலியா அனுப்பறதும்தான்.

2017-ல் இணையச் சமநிலை விதிகளை நீக்கறது பத்தி அங்கே கருத்துக் கேட்டாங்க. சுமார் 2.2 கோடி கருத்துகள் குவிஞ்சது. அதுல கிட்டத்தட்ட 1.8 கோடி போலின்னு நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல் 2021-ல் அறிக்கை கொடுத்தார். பிராட்பேண்ட் நிறுவனங்கள் காசு கொடுத்து நடத்தின பிரசாரத்துல வந்தது மட்டும் 85 லட்சம். எதிர்ப்பக்கம், 19 வயசு கல்லூரி மாணவர் ஒருத்தர் தனியாளா 77 லட்சம் அனுப்பியிருந்தார். செத்தவங்க பேர்லகூட கருத்து வந்திருந்தது. ஆனா நிறையப் போலிகள்ல ஒரே வாசகம் திரும்பத் திரும்ப வந்ததால பிடிக்க முடிஞ்சது.

2019-ல் அதுவும் போச்சு. ஐடஹோ மாநிலத்து ஏழைகளுக்கான மருத்துவக் காப்பீட்டுல மாற்றம் பத்திக் கருத்துக் கேட்டப்ப, ஒரு ஹார்வர்ட் மாணவர் சோதனைக்காக ஜிபிடி-2 என்ற ஏஐயை வச்சு 1,001 கருத்து எழுதி அனுப்பினார். மொத்தம் வந்ததே 1,810. அதாவது பாதிக்கு மேல மெஷின் பேச்சு! படிச்சுப் பார்த்தவங்களால எது மனுஷன் எழுதினதுன்னு பிரிக்க முடியல. பிறகு அவரே உண்மையைச் சொல்லி வாபஸ் வாங்கிட்டார். எல்லாரும் அப்படிச் சொல்லுவாங்களா?

பதருக்கும் மணியோட எடை வந்துட்டா, தூற்றி என்ன பிரயோஜனம்? நிஜமா காப்பீட்டை நம்பியிருந்த ஏழை எழுதின நாலு வரியும் அந்தக் குவியல்லதான் கிடக்கும்.

நம்ம நாட்டுல 2006 சுற்றுச்சூழல் அறிவிக்கைப்படி, பெரிய திட்டங்கள் பலதுக்கு அந்தப் பகுதியிலயே கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தணும். சத்தம், தள்ளுமுள்ளு, ஆள் கூட்டிட்டு வர்றது எல்லாம் அங்கயும் உண்டு. ஆனாலும் மைக்கைப் பிடிச்சுப் பேசறவர் எந்த ஊரு, எந்தக் காட்டுக்காரர்னு பக்கத்துல நிக்கறவங்களுக்குத் தெரியும். "கூட்டம் எதுக்கு, ஆன்லைன்லயே கருத்து வாங்கிக்கலாமே"ன்னு யாராவது சொன்னா, நகரத்துல இருக்கற நீங்க சௌகரியம்தானேன்னு தலையாட்டிடாதீங்க. நிலம் போகப்போறவன் நேர்ல வந்து நிக்க இருக்கற இடம் அது.