வேட்டைக்கூடம் (இராமநாதபுரச் சீமை)

வேட்டையில் வீழ்த்திய விலங்கின் தலை, கொம்பு, தோல் ஆகியவற்றை மரப்பலகை பொதிந்த சுவரில் மாட்டி, வந்தவரை உட்காரவைத்துக் காட்டுவதற்கென்றே ஒதுக்கிய அறை வேட்டைக்கூடம். ஆங்கிலேயர் ஆட்சியோடு வந்த வழக்கம் இது. நீலகிரியில் நன்றாக வேர்பிடித்தது. இராமநாதபுரம், இராமேசுவரம் கரையில் அப்படிப் பிடிக்கவில்லை. விலங்குப் பஞ்சம் மட்டும் காரணமல்ல. உப்புக்காற்றும் சுண்ணாம்புச் சுவரும் கறையானும் சேர்ந்தே அதற்கு இடம் கொடுக்கவில்லை.

பிடித்ததன் உறுப்பை வீட்டில் நிறுத்துவது தமிழ்க் கரைக்குப் புதிதல்ல. காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் சினைச்சுறாவின் கொம்பை மனையில் நட்டு, அதில் கடல்தெய்வம் உறைவதாக வழிபட்டதைப் பட்டினப்பாலை சொல்கிறது. ரம்பச் சுறா எனப்படும் வேளா மீனின் கொம்பைக் கையில் எடுத்துப் பார்த்தவருக்கு இது விளங்கும். தட்டையான நீண்ட குருத்தெலும்பு, இரு ஓரத்திலும் வெளிநோக்கிய பற்கள், ரம்பம் போலவே இருக்கும். ஆனால் அந்தக் கொம்பு பிடித்தவனின் பெருமையைச் சொல்ல நிற்கவில்லை, தெய்வத்துக்கு இருக்கையாக நின்றது. பின்னாளைய வேட்டைக்கூடத்திலிருந்து அதைப் பிரிப்பது இந்த ஒன்றுதான்.

மறவர் சீமையில் வேட்டை அன்றாடத் திறமை. வளரி எனும் எறிதடியை மரத்திலும் இரும்பிலும் தந்தத்திலும் செய்தார்கள். முயலும் மானும் அதற்கு விழுந்தன. 1795ஆம் ஆண்டையொட்டிச் சிவகங்கைப் பக்கம் வந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்ற கம்பெனி அதிகாரி, அங்கு ஆட்சி நடத்திய மருது சகோதரர்களில் மூத்தவரான பெரிய மருதுவின் பொழுதெல்லாம் வேட்டையிலேயே கழிந்தது என்றும், ஈட்டியும் வளரியும் எறியத் தமக்குக் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருது என்றும் 1830இல் வெளியான தம் நினைவுக் குறிப்புகளில் எழுதினார். அவர்களையே எதிர்த்துப் பின்னர் போரிட்டவர் அவர் என்பதால் இந்தப் புகழ்ச்சிக்கு எடை அதிகம். இராமநாதபுரத்தில் நவராத்திரி முடிவில் அம்பு விடும் மகர்நோன்புப் பொட்டலும் வேட்டையைச் சடங்காக்கி வைத்த இடமே. வேட்டை முடிந்தால் கறி பங்காகும்; தலைக்கென்று ஓர் அறை கட்டும் எண்ணம் அந்த உலகத்தில் இல்லை.

அரண்மனைச் சுவருக்கும் வேறு வேலை இருந்தது. இராமநாதபுர மன்னர் கிழவன் சேதுபதி காலத்தில் எழுந்த இராமலிங்க விலாசம் பருத்த தூண்களும் சுண்ணாம்புப் பூச்சும் கொண்ட கட்டடம். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதன் சுவரும் விதானமும் ஓவியத்தால் நிரம்பின: இராமாயணம், பாகவதம், தஞ்சை மராத்தியரோடு நடந்த போர், ஐரோப்பியரை அரசர் எதிர்கொள்ளும் காட்சி. வெற்றியை விருந்தினர் கண்முன் நிறுத்த இதைவிட வேறென்ன வேண்டும்? அந்தச் சுவரில் பலகை அறைந்தால் ஓவியம்தான் போகும்.

பலகைச் சுவர் குளிர்நாட்டுப் பிள்ளை. கல்சுவரின் சில்லிப்பைத் தடுக்க ஐரோப்பாவில் ஓக் பலகை பொதிந்தார்கள். அதன்மேல் கலைமான் தலைகளை மாட்டினார்கள். ஸ்காட்லாந்தின் மார் லாட்ஜ் நடனக்கூடத்தில் 2,400க்கு மேற்பட்ட தலைகள் இன்றும் உண்டு. இந்தப் பழக்கம் உதகைக்கு அப்படியே பொருந்தியது. அங்கும் குளிர், அங்கும் கணப்பு. உதகை கிளப்பின் சுவர்களில் தலைகள் வரிசையாக ஏறின. பாடம் செய்ய மைசூரில் வான் இன்ஜென் நிறுவனம் இருந்தது. 1900ஐ ஒட்டித் தொடங்கி 1999இல் மூடப்படும் வரை நாற்பதாயிரத்துக்கு மேற்பட்ட புலி, சிறுத்தைகள் அந்தப் பட்டறையைக் கடந்தன என்று கணக்கிடுகிறார்கள். அச்சில் வார்த்த காகிதக்கூழ் உடலின்மேல் தோலைப் போர்த்துவது அவர்கள் முறை.

இராமநாதபுரத்துத் தாழ்நிலத்தில் புலிக்காடு கிடையாது. இங்கே துப்பாக்கிக்குக் கிடைத்தது பெரும்பாலும் கண்மாய்ப் பறவை. ‘நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை’ என்று இராசசிங்கமங்கலம் கண்மாயைச் சொல்வார்கள், அவ்வளவு அகலம். உள்ளானையும் வாத்தையும் சுட்டு என்ன செய்வது? சட்டிக்குப் போகும். சுவருக்குப் போக அதில் என்ன இருக்கிறது?

மரம் இந்தச் சீமைக்கு வந்த கதைதான் வளமானது. மண்ணில் விளைவது உடை, கருவேலம், வேம்பு, பூவரசு, பனை. பனை கூரைக்கு, பூவரசு படகுக்கும் பெட்டிக்கும். அகலப் பலகை வேண்டுமென்றால் கடல் தாண்ட வேண்டும். 1985 வரை இராமநாதபுர மாவட்டத்தோடு பெரும்பகுதி சேர்ந்திருந்த செட்டிநாட்டுக்கு, பர்மாவில் கொடுக்கல் வாங்கல் செய்த நகரத்தார் தேக்கைக் கப்பலில் கொண்டுவந்தார்கள். 1942இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்ததோடு அந்த வரவு அறுந்தது. கானாடுகாத்தான், காரைக்குடி வீடுகளில் தேக்குக்குக் குறைவில்லை. தூண், நிலை, உத்தரம், விதானம் எல்லாம் அதுதான். சுவரை மட்டும் மரத்தால் மூடவில்லை. முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் சேர்த்து மெருகேற்றிய பூச்சு கோடையிலும் குளிர்ந்திருக்கும். அதில் முன்னோர் படமும் பெல்ஜியம் கண்ணாடியும் தொங்கின. என் கணிப்பில் இந்தியச் சமவெளிக்கு ஏற்ற சுவர் அதுதான். பலகைச் சுவர் இங்கே வெயில் காலத்தில் போட்ட கம்பளிக் கோட்டு.

இருந்தும் கரையோர பங்களாவில் பலகைச் சுவர் வேண்டும் என்பவர் உண்டு. அவர்களுக்கு ஆசாரிகள் சொல்வது ஏறக்குறைய ஒன்றே. வைரம் பாய்ந்த தேக்கு எடு. ஓரத்து வெள்ளைப் பகுதியை ஒதுக்கு, கறையான் முதலில் அங்கேதான் வாய்வைக்கும். கொம்பின் வெளுப்பு எடுபட ஈட்டி மரத்தின் கருமை நல்லது, ஆனால் விலையும் எடையும் கூட. பலகையைச் சுவரோடு ஒட்ட அறையாதே. ரீப்பர் அடித்து ஒரு விரல் இடைவெளி விடு, மழைக்காலத்தில் சுண்ணாம்புச் சுவர் வியர்க்கும். இரும்பு ஆணி உப்புக்காற்றில் துருப்பிடித்து மரத்தில் கரிய கண்ணீராக வழியும். பித்தளைத் திருகோ மர ஆணியோ போடு. அரக்கு பாலிஷில் ஈரம் பட்டால் வெண்தடம் விழும் என்பதால் எண்ணெய் தேய்த்து விடுவாரும் உண்டு. தலையின் பாரத்தைப் பலகை தாங்காது. பிடிமானம் சுவருக்குள் போக வேண்டும். அதன் கீழே பஞ்சு மெத்தை வேண்டாம், பூச்சி ஏறும். பிரம்பு பின்னிய சாய்வு நாற்காலி போதும். பழைய தலைகளை வெறுங்கையால் தடவவும் கூடாது. பூச்சி வராமலிருக்கத் தோலின் உட்புறம் ஆர்சனிக் பூசுவது அந்தக்கால வழக்கம்.

1972இன் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இந்த அறையின் கதையைத் திருப்பியது. பல விலங்குகளின் வேட்டை குற்றமாயிற்று, தலையும் தோலும் வைத்திருப்பவர் அறிவித்து உரிமைச் சான்று பெற வேண்டியதாயிற்று. 2003இல் கணக்குக் காட்ட மறுபடி 180 நாள் வாய்ப்புத் தந்தார்கள். இன்று அந்தச் சட்டத்தின் பாதுகாப்புப் பட்டியல் விலங்குகளின் பாடம் செய்த தலையை விற்க முடியாது. வாரிசாக வந்தால் 90 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். கடலுக்கும் விலக்கில்லை. வேளா மீன்களும் பவளப்பாறையும் 2001இல் பாதுகாப்புப் பட்டியலில் ஏறின. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986 முதல் தேசியப் பூங்கா. ஆவுளியா எனும் கடல்பசுவுக்காக 2022இல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் ஒதுக்கப்பட்டது. சுறாக் கொம்பை மனையில் நட்ட பரதவர் இன்று இருந்தால் அவர்களும் வனத்துறைக்குப் பதில் சொல்ல வேண்டும்.

தலைக்கு மதிப்பு போனாலும் தேக்குக்கு மதிப்பு போகவில்லை. இடிக்கும் வீடுகளின் தூணும் கதவும் விதானப் பலகையும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்கு வந்து, புதிய பங்களாக்களின் சுவருக்குப் போகின்றன. வாங்குகிறவர் முதலில் தேடுவது பலகைக்குள் ஒடிந்து கிடக்கும் பழைய ஆணியை. காந்தத்தை ஓட்டிப் பார்க்காமல் இழைப்புளி போட்டால் அதன் வாய் போய்விடும்.