எழுபதுகளின் குத்துச்சண்டைகள்: நாம் போடும் வரிசை



எந்தத் தோழரின் நினைவாக இங்கே கூடியிருக்கிறோமோ, அவர் கவிதையைப் பற்றிப் பேசிய அளவுக்குக் குத்துச்சண்டையைப் பற்றியும் பேசியவர். கூட்டம் முடிந்து டீக்கடையில் நின்றால் பேச்சு எப்படியும் முகமது அலியிடம் போய் நிற்கும். எழுபதுகளின் ஹெவிவெயிட் சண்டைகளில் எது பெரியது என்று அவரோடு நாம் பல இரவுகள் வாதாடியிருக்கிறோம். அவர் கின்ஷாசாவைத்தான் முதலில் வைப்பார். அன்று நாமும் தலையாட்டினோம். இன்று முடியவில்லை. ஏன் முடியவில்லை என்பதுதான் இந்த உரை.

மேல் கீழ் என்று அடுக்குவதை எதிர்த்து எழுதுகிற நாம் சண்டைகளை அடுக்கலாமா என்று ஒரு தோழர் கேட்டார். சண்டைகளைத்தான் அடுக்குகிறோம், ஆட்களை அல்ல என்று பதில் சொன்னோம். ஆனால் பேசப் பேச ஆட்களும் வந்துவிடுகிறார்கள்.

இந்தச் சண்டைகள் நமக்கு எப்படிச் சொந்தமாயின? வடசென்னையில் பரம்பரை பரம்பரையாகக் கையுறை மாட்டியவர்கள் யார் என்பது 2021இல் பா. இரஞ்சித்தின் 'சார்பட்டா பரம்பரை' வந்த பிறகு பிள்ளைகளுக்கும் தெரியும். கோதா நமக்குப் புதிதல்ல. ஆனால் அலி அதற்கும் மேலாக வந்து சேர்ந்தார். 1967இல் வியட்நாம் போருக்குப் போக மறுத்தார். பட்டத்தைப் பறித்தார்கள், 5 ஆண்டுச் சிறைத் தண்டனை விதித்தார்கள், மூன்றரை ஆண்டுகள் கோதா ஏறவிடவில்லை. அவர் பணியவில்லை. அமெரிக்கக் கருஞ்சிறுத்தைகளின் பெயரைப் பார்த்து 1972இல் பம்பாயில் நம் தோழர்கள் தலித் பேந்தர் என்று பெயர் வைத்த காலம் அது. 1980இல் அலி சென்னைக்கே வந்து நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஆடினார். நம்மவர் ஒருவர் வந்து போனதாகவே நாம் நினைத்துக்கொண்டோம்.

சரி, வரிசைக்கு வருவோம். 1978இல் லாரி ஹோம்ஸும் கென் நார்ட்டனும் ஆடிய 15 சுற்றுகளை வெளியே விடுவதில் வருத்தம் உண்டு. ஒரே ஒரு புள்ளியில் முடிந்த சண்டை அது. ஆனாலும் நான்காம் இடத்தை 1976 ஜனவரியில் லாஸ் வேகாஸில் நடந்த ஃபோர்மன் – ரான் லைல் சண்டைக்குத்தான் கொடுக்கிறோம். லைல் சிறையில் இருந்தபோது குத்துச்சண்டை கற்றவர். நான்காம் சுற்றில் ஃபோர்மன் விழுந்தார், எழுந்து லைலை வீழ்த்தினார், மறுபடியும் தானே விழுந்தார். ஐந்தாம் சுற்றில் லைல் எழவில்லை. தந்திரம் ஒன்றும் இல்லை, முழு மூச்சான அடிதான்.

மூன்றாவது, நம் தோழரின் கின்ஷாசா. 1974 அக்டோபர் 30, விடியாத காலை. ஃபோர்மன் அதுவரை 40 சண்டைகளில் தோற்காதவர். ஜோ ஃபிரேசியரை இரண்டே சுற்றுகளில் ஆறு முறை தரையில் சாய்த்தவர். 32 வயது அலி கயிற்றில் சாய்ந்துகொண்டு அடியை வாங்கி வாங்கி ஃபோர்மனைக் களைக்கவைத்து எட்டாம் சுற்றில் வீழ்த்தினார். எத்தனை முறை பார்த்தாலும் மயிர்க்கூச்செறியும். ஆனால் அந்த விழாவை நடத்தியது மொபுட்டுவின் சர்வாதிகாரம். ஆளுக்கு 50 லட்சம் டாலர் அதன் கணக்கு. இன்னொன்றும் உறுத்துகிறது. ஃபோர்மனும் வறுமையில் வளர்ந்த கருப்பர்தான். 1968 ஒலிம்பிக்கில் சிறிய அமெரிக்கக் கொடியை அசைத்தார் என்பதும், கின்ஷாசாவுக்குத் தன் நாயைக் கூட்டிவந்தார் என்பதும் அவர்மேல் பழியாக நின்றன. பெல்ஜியப் போலீஸ் அப்படிப்பட்ட நாய்களை ஏவியதை அந்த மக்கள் மறந்திருக்கவில்லை. ஆப்பிரிக்க மண்ணில் ஒரு கருப்பர் அந்நியராக்கப்பட்டார். அலி அதை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டார்.

இரண்டாவது மணிலா, 1975 அக்டோபர் 1. மார்கோஸின் இராணுவச் சட்டம் நடந்த ஊர். அமெரிக்கத் தொலைக்காட்சிக்கு வசதியாகக் காலையிலேயே சண்டை. அரங்கத்துக்குள் கொதிக்கும் வெக்கை. 14 சுற்றுகள். ஃபிரேசியரின் இடக்கண் பல ஆண்டுகளாகவே மங்கல், அதை அவர் மறைத்தே ஆடிவந்தார். அன்று வலக்கண்ணும் வீங்கி மூடிவிட்டது. வருகிற குத்து தெரியாமலே நின்றார். கடைசிச் சுற்றுக்கு அவரை அனுப்ப மறுத்துவிட்டார் பயிற்சியாளர் எடி ஃபட்ச். ஜெயித்த அலியும் நிற்க முடியாமல் சரிந்தார். பெரும்பாலோர் இதைத்தான் முதலிடத்தில் வைக்கிறார்கள். இரண்டு மனிதர்கள் ஒருவரையொருவர் ஏறக்குறைய கொன்றதைப் பார்த்துக் கைதட்ட நமக்கு மனம் வரவில்லை.

ஆக, நம் முதலிடம் 1971 மார்ச் 8, நியூயார்க், மேடிசன் ஸ்கொயர் கார்டன். தோல்வியே அறியாத இருவர் பட்டத்துக்காக மோதினார்கள். ஆளுக்கு 25 லட்சம் டாலர். அன்று ஜெயித்தவர் ஃபிரேசியர்.

ஃபிரேசியர் யார்? தென் கரோலினாவின் பியூஃபர்ட் பகுதியில் பண்ணை வேலை செய்த குடும்பம். அப்பாவுக்கு ஒரு கை இல்லை. கடைக்குட்டி ஜோதான் அவருக்கு இடக்கை. சிறுவயதில் பன்றி துரத்தி விழுந்து கை உடைந்தது. மருத்துவருக்குக் கொடுக்கக் காசில்லை. எலும்பு தானாகவே கோணலாகக் கூடியது. அந்தக் கை அதற்குப் பிறகு முழுதாக நீளவே இல்லை. அந்தக் கோணல் கைதான் பின்னாளில் உலகம் பயந்த இடது ஹூக். பிலடெல்ஃபியாவுக்குப் பிழைக்கப் போய் மாடு அறுக்கும் கூடத்தில் வேலை பார்த்தார். தொங்குகிற மாட்டிறைச்சியைக் குத்திப் பழகினார். 1976இல் வந்த 'ராக்கி' படம் இதை எடுத்து ஒரு வெள்ளைக்கார நாயகனுக்குக் கொடுத்தது. அந்தக் கற்பனை நாயகனுக்கு பிலடெல்ஃபியாவில் 1980களிலேயே சிலை வந்துவிட்டது. ஃபிரேசியருக்கு அங்கே சிலை எழுந்தது 2015இல், அவர் இறந்து நான்கு ஆண்டுகள் கழித்து.

அலி கோதா ஏற முடியாமல் தவித்த நாட்களில் அவருக்குப் பணம் கொடுத்தும் ஆதரவாகப் பேசியும் உதவியவர் இந்த ஃபிரேசியர். சண்டை உறுதியானதும் அலி அவரை 'அங்கிள் டாம்' என்றார். வெள்ளையருக்கு வால்பிடிக்கும் கருப்பன் என்று பொருள். அசிங்கமானவன் என்றார், அறிவில்லாதவன் என்றார். மணிலாவுக்கு முன்பு கொரில்லா என்று எதுகை போட்டுப் பாடி, ரப்பர் குரங்கு பொம்மை ஒன்றை எடுத்துக் குத்திக் காட்டினார். பத்திரிகையாளர்கள் சிரித்தார்கள். நாமும் சிரித்தோம், அதைச் சொல்லாமல் விட முடியாது. லூயிவில் நகரத்தில் விளம்பரப் பலகை எழுதியவரின் மகன், பண்ணைக்கூலி வீட்டுப் பிள்ளையை, தன்னைவிடக் கருத்தவரை, வெள்ளைக்காரன் சொல்லும் அதே வசையால் அடித்தார். படிநிலைப்பட்ட ஏற்றத்தாழ்வு என்று அண்ணல் அம்பேத்கர் விளக்கியதை நாம் மேடைதோறும் பேசுகிறோம். துப்புரவு வேலைக்கென்றே ஒதுக்கப்பட்ட நம் சகோதரச் சாதியைப் பட்டப்பெயர் சொல்லிச் சிரித்தவர்கள் நம் தெருக்களிலும் இருக்கிறார்கள். அலியின் வாய்ச்சவடாலை வீரமாக மட்டும் பார்த்த கண்ணும் அந்தத் தெருவில் வளர்ந்த கண்தான்.

அலியை வெறுத்த வெள்ளையர்கள் ஃபிரேசியரைக் கேட்காமலேயே அவரைத் தங்கள் ஆளாக்கிக்கொண்டார்கள். கருப்பர்களில் பலர் அதை நம்பினார்கள். இப்படி இரண்டு பக்கமும் இடமில்லாத ஒருவர்தான் அன்று 15 சுற்றுகளும் முன்னேறி முன்னேறிப் போனார். ஓர் அடி கொடுக்க இரண்டு மூன்று வாங்கினார். கடைசிச் சுற்றில் அந்தக் கோணல் கை தாழ்ந்து எழுந்தது. அலி மல்லாந்து விழுந்தார். உடனே எழுந்தும் விட்டார். அந்த எழுச்சிக்கும் நாம் தலைவணங்குகிறோம். நடுவர் மூவரும் ஃபிரேசியர் பக்கம். வென்றவரும் மருத்துவமனையில்தான் பல நாட்கள் படுத்துக் கிடந்தார்.

அதே இரவில் இன்னொன்றும் நடந்தது. காவலர்கள்கூடச் சண்டையிலேயே காதை வைத்திருப்பார்கள் என்று கணக்குப் போட்டு, பிலடெல்ஃபியாவுக்குப் பக்கத்தில் மீடியா என்ற சிற்றூரில் இருந்த எஃப்.பி.ஐ. அலுவலகத்துக்குள் போர் எதிர்ப்பாளர் சிலர் புகுந்து கோப்புகளை அள்ளிச் சென்றார்கள். கருப்பின இயக்கங்களையும் மாணவர்களையும் அரசு எப்படி வேவு பார்த்தது, எப்படிக் குலைத்தது என்பது அந்தக் கோப்புகளிலிருந்துதான் வெளிவரத் தொடங்கியது. எந்தச் சண்டைக்கு இப்படி ஒரு துணைக்கதை உண்டு?

2001இல் அலி தான் பேசியவற்றுக்காக மன்னிப்புக் கேட்டார். ஃபிரேசியரின் காயம் அதற்குள் முப்பது ஆண்டு பழையது. ஆறிவிட்டது என்று ஒருநாள் சொல்வார், மறுநாள் கசப்பாகப் பேசுவார். 2011 நவம்பரில் அவர் இறந்தபோது, நடுங்கும் உடம்போடு பிலடெல்ஃபியா இறுதிச் சடங்குக்கு வந்திருந்தார் அலி.

நம் தோழர் இருந்திருந்தால் இந்த வரிசையை ஒப்புக்கொண்டிருக்க மாட்டார். டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, டீக்கடைச் சுவரில் முதுகைச் சாய்த்து, இரண்டு கைகளாலும் முகத்தை மறைத்துக்கொண்டு, கின்ஷாசாவின் எட்டாம் சுற்றை முழுதாக நடித்துக் காட்டியிருப்பார்.