கோடி அறைகளில் ஒரே கணக்கு

ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று பல்லடம், உடுமலைப் பகுதிக் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. கோவையில் செய்யப்படும் பம்பின் இம்பெல்லருக்குள் நீர் சுழன்று ஏறுகிறது. காற்றைக் கிழித்துக்கொண்டு ராக்கெட் மேலெழுகிறது. இம்மூன்றுக்கும் சமன்பாடு ஒன்றே என்பது மாணவர் பலருக்கு வியப்பளிக்கும். நேவியர் 1822-இல் தந்து, ஸ்டோக்ஸ் 1845-இல் செப்பம் செய்தது அது. எழுதுவது எளிது, தீர்ப்பதுதான் அரிது. மிக எளிய சில நிலைகளைத் தவிர, தாளில் அதற்கு விடை கிடைப்பதில்லை.

ஆகவே பொறியியலார் வேறு வழியை நாடினர். காற்றோ நீரோ நிரம்பிய வெளியைச் சிறு சிறு அறைகளாகப் பிரித்துக்கொள்வார்கள். ஒவ்வோர் அறையிலும் அழுத்தம், அடர்த்தி, திசைவேகம் என்ன என்று குறித்துக்கொண்டு, அண்டை அறைகளின் மதிப்புகளைக் கொண்டு அடுத்த நொடித்துளியில் அவை என்னவாகும் எனக் கணக்கிடுவார்கள். துல்லியம் வேண்டுமானால் அறைகள் சிறியனவாக வேண்டும். அறையின் பக்கத்தைப் பாதியாக்கினால் அறைகள் 8 மடங்காகின்றன. காலத்துளியையும் பாதியாக்க வேண்டியிருப்பதால் வேலை 16 மடங்காகிறது!

இங்கிலாந்தின் ரிச்சர்ட்சன் இம்முறையில் வானிலையைக் கையாலேயே கணக்கிட்டுப் பார்த்தவர். அவருடைய விடை பெரிதும் பிழையாயிற்று. ஆயினும் 1922-இல் வெளியிட்ட நூலில் அவர் ஒரு கற்பனையை வரைந்தார்: வட்டமான பெரியதோர் அரங்கில் 64,000 பேர் அமர்ந்து, ஆளுக்கொரு பகுதியைக் கணக்கிட்டு, பக்கத்திலிருப்பவருக்கு விடையைக் காட்டுகிறார்கள். ஒரு மேதை செய்ய முடியாததைப் பல்லாயிரம் சாதாரணக் கணக்கர்கள் ஒரே சமயத்தில் செய்துவிடலாம் என்ற கருத்து அதில் அடங்கியிருந்தது.

நம் நாட்டில் இக்கருத்தை முதலில் செயலாக்கிக் காட்டியது பெங்களூர் தேசிய விண்ணூர்தி ஆய்வகம். 1986-இல் அங்கே உருவான ‘ஃப்ளோசால்வர்’, சாதாரண இன்டெல் 8086 வகை நுண்செயலிகளை இணைத்துப் பாய்மக் கணக்குகளுக்கென்றே அமைக்கப்பட்ட கணிப்பொறி. மீத்திறன் கணிப்பொறிகளை மேலைநாடுகள் எளிதில் விற்க முன்வராத காலம் அது.

பிறகு, எவரும் எதிர்பாராத இடத்திலிருந்து உதவி வந்தது. விளையாட்டுப் படங்களைத் திரையில் வரையும் கிராஃபிக்ஸ் கார்டுகளில் நூற்றுக்கணக்கான சிறு கணக்கிகள் உண்டு. திரையின் ஒவ்வொரு புள்ளிக்கும் நிறம் என்னவென்று எல்லாப் புள்ளிகளுக்கும் ஒரே கணக்கை அவை ஒருங்கே போடுகின்றன. நம் அறைகளுக்கும் தேவை அதுதானே! 2007-இல் என்விடியா வெளியிட்ட ‘கூடா’ என்னும் மென்பொருள் அமைப்பால், பொதுக் கணக்குகளுக்கு இக்கார்டுகளைப் பயன்படுத்துவது எளிதாயிற்று. ஆனால் தொடக்ககாலக் கார்டுகள் ஏறத்தாழ 7 இலக்கத் துல்லியத்தோடு நின்றன. படத்துக்கு அது போதும். ஆயிரக்கணக்கான காலத்துளிகளில் சிறு பிழைகள் சேர்ந்துகொண்டே போகும் காற்றோட்டக் கணக்குக்குப் பல சமயம் போதாது. ஏறத்தாழ 16 இலக்கத் துல்லியத்தையும் வேகமாகத் தரும் கார்டுகள் 2010-ஐ ஒட்டி வந்தபோதுதான் நிலைமை மாறியது.

அடுத்த ஆண்டே, 2011 மே மாதம், திருவனந்தபுரம் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தில் ‘சாகா-220’ இயங்கத் தொடங்கியது. (ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகள் அவை, தமிழில் நல்ல பொருள் தருவது தற்செயல்!) ராக்கெட்டுகளைச் சுற்றிய காற்றோட்டம் போன்ற விண்வெளிக் கணக்குகளுக்காக மையத்தாரே கடையில் கிடைக்கும் உறுப்புகளைக் கொண்டு அமைத்தது இது. 400 டெஸ்லா கார்டுகள், 400 சாதாரணச் செயலிகள். வினாடிக்குக் கார்டு ஒன்று 50,000 கோடி கணக்குகளும், செயலி ஒன்று 5,000 கோடி கணக்குகளும் செய்யும். பெருக்கிக் கூட்டினால் 220 லட்சம் கோடி. பெயரிலுள்ள எண் அதுவே. இதில் 200 லட்சம் கோடி கார்டுகளின் பங்கு என்பதைக் கவனியுங்கள். செலவு சுமார் 14 கோடி ரூபாய். மின்தேவை 150 கிலோவாட்.

கார்டைச் செருகினால் மட்டும் வேகம் வந்துவிடாது. கிணற்றில் நீர் நிறைய இருந்தும் குழாய் குறுகலாயிருந்தால் என்ன பயன்? கணிப்பொறியின் நினைவகத்துக்கும் கார்டுக்கும் இடையிலுள்ள வழி அப்படிப்பட்ட குறுகிய குழாய். ஒவ்வொரு காலத்துளியிலும் எண்களை எல்லாம் அதன் வழியே அனுப்பினால், கணக்கிகள் வெறுமனே காத்துக்கிடக்கும். ஆதலால் எண்களைக் கார்டிலேயே இருத்தி, எல்லையோர அறைகளின் மதிப்புகளை மட்டும் அண்டைக் கார்டுக்கு அனுப்புமாறு நிரல்களைத் திருத்தி எழுத வேண்டியிருக்கிறது. பொருளைச் சுற்றி அறைகள் ஒழுங்கற்று அமைந்திருந்தால் இந்த வேலை இன்னும் கடினம். கார்டை ஒரு நாளில் வாங்கிவிடலாம். நிரலைத் திருத்த மாதக்கணக்கில் ஆகும்.