சீனத்து டிராகன் குலம்: வம்சமும் வழக்கங்களும்

சீன தேசத்துப் புராணங்களிலும் நாவல்களிலும், கடல், ஆறு, ஏரி, கிணறு ஆகிய நீர்நிலைகள் அனைத்தையும் ஆண்டு, மேலுலகத்தின் கட்டளைப்படி மழை பெய்விப்பதையே பரம்பரைத் தொழிலாகக் கொண்டதாக வருணிக்கப்படும் கற்பனை வம்சமே டிராகன் குலம். சீன மொழியில் இப்பிராணிக்கு 'லுங்' என்று பெயர். தமிழ் விவிலியத்தில் 'வலுசர்ப்பம்' என்று வருவதும் ஆங்கிலத்தில் டிராகன்தான் என்றாலும், தேவதூதரோடு போர்புரிந்து வீழ்த்தப்படும் அந்தத் தீய பிராணியை மனத்தில் வைத்துக்கொண்டு சீனத்து லுங்கை அணுகுகிறவர் முதலடியிலேயே வழி தவறிவிடுவார். ஏனெனில் லுங்கின் சுபாவம் நீர், அதன் குணம் பெரும்பாலும் அநுகூலமானது, அதன் வாழ்க்கையோ ஒரு சர்க்கார் உத்தியோகஸ்தனின் வாழ்க்கை.

ஆதியில் அதற்கு வம்சமும் இல்லை, உத்தியோகமும் இல்லை. ஹெனான் மாகாணத்துப் புயாங் என்னும் இடத்தில் 1987-இல் அகழ்ந்தெடுக்கப்பட்ட ஒரு கற்காலக் கல்லறையில், மனித எலும்புக்கூட்டின் ஒரு பக்கத்தில் டிராகன் உருவமும் மறுபக்கத்தில் புலியுருவமும் சிப்பிகளை அடுக்கி அமைக்கப்பட்டிருந்தன. ஏறத்தாழ 6000 ஆண்டுகளுக்கு முற்பட்ட அந்த உருவம் தனித்து நிற்கும் பிராணியேயன்றி யாருடைய தகப்பனும் அன்று, மைத்துனனும் அன்று. பிற்காலத்துப் புலவர்கள் மானின் கொம்பு, ஒட்டகத்தின் தலை, பாம்பின் கழுத்து, கெண்டையின் செதில், கழுகின் நகம், புலியின் பாதம், எருதின் காது முதலிய ஒன்பது ஒப்புமைகளைக் கூறி அதன் அங்க லட்சணத்தை வரையறுத்தார்கள். அதன் தொண்டையடியில் தலைகீழாக முளைத்த செதில் உண்டென்றும், அதைத் தீண்டியவன் உயிர் பிழையான் என்றும், அரசனுக்கு யோசனை சொல்லப் போகிறவன் இதை மறக்கலாகாது என்றும் கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் ஹான் ஃபெய் என்னும் அரசியல் ஞானி எழுதிவைத்தார்.

'சுவோ சுவான்' என்னும் பழைய சரித்திர நூல் கூறும் ஒரு விருத்தாந்தத்தில் குலப்பெயர் பெறுகிறவன் டிராகன் அன்று, அதை வளர்க்கும் மனிதன். டிராகன்களுக்குப் பிடித்த தீனியை அறிந்து அவற்றைப் பழக்கிய ஒருவனுக்கு ஷுன் என்னும் ஆதியரசர் 'டிராகன் வளர்ப்போர்' என்ற குலப்பெயரை வழங்கினார். வெகுகாலத்துக்குப் பின் ஷியா வம்சத்துக் கோங் ஜியா என்ற அரசனுக்கு ஆணும் பெண்ணுமாக இரண்டு ஜோடி டிராகன்கள் கிடைக்க, அவற்றைப் பராமரிக்க லியூ லெய் என்பவன் நியமிக்கப்பட்டான். பெண் டிராகன் ஒன்று இறந்துபோனபோது அவன் அதன் இறைச்சியை இரகசியமாகப் பக்குவம் செய்து அரசனுக்கே பரிமாறினான். அரசன் ருசித்துண்டு மீண்டும் அதையே கேட்கவும், லியூ லெய் பயந்து ஊரைவிட்டு ஓடிப்போனான். தெய்வமாகக் கும்பிடப்படும் ஒரு பிராணியைப் பற்றி இத்தனை சாவதானமாக ஒரு சமையற்கட்டுக் கதையைச் சொல்லிவிடும் துணிவு, இக்குலத்தைப் பற்றிய சீன எழுத்துக்களில் கடைசிவரை மங்காமல் இருந்துவருகிறது.

ஹான் வம்சத்துப் பண்டிதர் துங் சோங்சூவின் பெயரால் வழங்கும் நூலில் மழை வேண்டிச் செய்யும் சடங்கு விவரிக்கப்படும்போது, டிராகன்கள் நிறவாரியாகப் பிரிந்து நிற்பதைக் காண்கிறோம். வசந்தத்தில் பச்சை, கோடையில் சிவப்பு, கோடையின் கடைக்கூற்றில் மஞ்சள், இலையுதிர்காலத்தில் வெள்ளை, குளிர்காலத்தில் கறுப்பு என ஒவ்வொரு பருவத்துக்கும் உரிய நிறத்தில் ஒரு பெரிய டிராகனையும் அதைச் சூழச் சிறியவற்றையும் செய்துவைத்து, அதே நிற ஆடையுடுத்தவர்கள் ஆட வேண்டும் என்பது விதி. பெரியதும் சிறியனவுமாக நிற்கும் அந்த உருவங்களில் ஒரு குடும்பத்தின் சாயல் தென்படுகிறதேயன்றி, அவர்களுக்குள் இன்னார்க்கு இன்னார் இன்ன முறை என்று நூல் சொல்வதில்லை.

உறவுமுறையைக் கொண்டுவந்து கொடுத்தது பௌத்தம். இந்திய நூல்களைச் சீனத்தில் மொழிபெயர்த்த பிக்ஷுக்கள் 'நாகம்' என்ற சொல்லுக்கு 'லுங்' என்பதையே இட்டார்கள். அந்த ஒரு சொல்லின் வழியே, நீருக்கடியில் அரண்மனையும், இரத்தினப் பொக்கிஷமும், மனைவி மக்களும், பரம்பரைப் பகைவனாகிய கருடனும் உள்ள நாகராஜர்களின் சம்சாரம் முழுவதும் சீனத்துக்குக் குடியேறிவிட்டது. குமாரஜீவர் கி.பி. 406-இல் மொழிபெயர்த்த சத்தர்ம புண்டரீக சூத்திரத்தின் தொடக்கத்தில் நந்தன், உபநந்தன், சாகரன், வாசுகி, தட்சகன் முதலிய எட்டு நாகராஜர்கள் பரிவாரத்தோடு புத்தரின் சபைக்கு வருகிறார்கள்; எட்டு வயதே ஆன சாகரனின் மகள் புத்த நிலை எய்துவதும் அச்சூத்திரத்திலேயே பேசப்படுகிறது. மணிபல்லவத்துப் புத்த பீடிகைக்காக நாகநாட்டு அரசர் இருவர் போரிட்ட கதையை மணிமேகலையில் படித்திருக்கும் நமக்கு, இந்தச் சீனத்துச் சம்பந்திகள் முற்றிலும் அந்நியர் அல்லர்.

இன்னொரு நேரான தொடர்பும் உண்டு. தென்னிந்தியாவிலிருந்து கடல்வழியே 719-இல் குவாங்சௌ துறைமுகத்தை அடைந்து, தாங் வம்சத்துச் சக்கரவர்த்தி ஸுவான்சுங்கின் ஆதரவைப் பெற்ற வச்சிரபோதி, அதற்கு முன்பே காஞ்சியில் பல்லவ மன்னன் நரசிம்மவர்மனுக்காக வேண்டுதல் செய்து வறட்சியைப் போக்கியவர் என்று அவருடைய சீன சரித்திரம் கூறுகிறது. சீனத் தலைநகரில் மழை பொய்த்த ஓராண்டில் அவர் மண்டலம் அமைத்துப் போதிசத்துவர் படம் எழுதி வழிபட, காற்றும் மழையும் கூரையைப் பிய்த்துக்கொண்டு உள்ளே புகுந்தன. இந்தியப் பிக்ஷு ஒரு டிராகனைப் பிடித்து வைத்திருந்தாரென்றும், அது கூரையைத் துளைத்துக்கொண்டு பறந்துவிட்டதென்றும் மறுநாள் நகரமெங்கும் பேச்சு. அந்தத் துவாரத்தைப் பார்க்க ஜனங்கள் திரண்டு வந்தார்களாம். காஞ்சிக்கு மழை தருவித்த மந்திரம் சீனத்தில் டிராகனைப் பிடிக்கும் வலையாகிவிட்டது.

உறவைச் சமயம் கொடுத்தது என்றால், பட்டத்தைச் சர்க்கார் கொடுத்தது. அதே ஸுவான்சுங் 751-இல் நான்கு திசைக் கடல் தெய்வங்களுக்கும் 'வாங்', அதாவது அரசர், என்ற பட்டத்தை வழங்கினார். சுங் வம்சத்து ஹுய்சுங் 1108-இல் ஐந்து நிற டிராகன்களுக்கும் தனித்தனியே அரசப் பட்டம் சூட்டினார். மனிதச் சக்கரவர்த்தி ஒருவர் முத்திரையிட்டு நியமிக்கும் தெய்வம், நியமித்தவருக்குக் கீழ்ப்பட்டதுதானே?

இவ்வாறு சேர்ந்த சரக்கையெல்லாம் கொண்டு குலத்தின் சமுதாய அமைப்பை முழுமையாகக் கட்டி நிறுத்தியவர்கள் மிங் காலத்து நாவலாசிரியர்கள். 1592-இல் அச்சான 'மேற்குப் பயணம்' என்னும் நாவலில் நான்கு கடலரசர்களும் உடன்பிறந்தவர்கள். குடும்பப் பெயர் 'ஆவ்'. கிழக்கில் மூத்தவர் ஆவ் குவாங், தெற்கில் ஆவ் சின், மேற்கில் ஆவ் ருன், வடக்கில் ஆவ் ஷுன். ஆபத்துக் காலத்தில் மூத்தவர் இரும்பு முரசையும் பொன் மணியையும் ஒலிக்கச் செய்தால் தம்பியர் மூவரும் உடனே வந்து கூட வேண்டும் என்பது குலாசாரம். குரங்கு வீரன் சுன் ஊகுங், 13,500 கட்டி எடையுள்ள இரும்புத் தண்டத்தை ஆவ் குவாங்கிடமிருந்து பெற்றபின் உடுப்பும் வேண்டுமென்று அடம்பிடிக்கிறான். அப்போது கூடிய சகோதரர்கள், தெற்கத்தியவரின் போர் முழக்கத்தை அடக்கிவிட்டு, ஆளுக்கொன்றாகக் கிரீடமும் கவசமும் பாதரட்சையும் கொடுத்து அவனை அனுப்பிவைக்கிறார்கள். அனுப்பிய கையோடு மேலுலகத்து ஜேட் சக்கரவர்த்திக்கு ஒரு புகார் விண்ணப்பம் எழுதுகிறார்கள். வாளை எடுப்பதற்கு முன் மனுவை எழுதுவது இக்குலத்தின் தலையாய வழக்கம் என்றே சொல்லிவிடலாம். அரண்மனைச் சிப்பந்திகளோ மீன், ஆமை, இறால், நண்டு ஆகிய ஜலவாசிகள். 'இறால் சிப்பாய், நண்டுத் தளபதி' என்பது ஒன்றுக்கும் உதவாத படைக்குச் சீனத்தில் இன்றும் வழங்கும் பரிகாசம். கடலைச் சுற்றிவரும் காவலனுக்கு மட்டும் 'யட்சன்' என்ற நம்முடைய பழைய பெயரே நிலைத்துவிட்டது.

மழை அவர்கள் மனம்போலப் பொழிவதன்று. இன்ன நாழிகையில் மேகம், இன்ன நாழிகையில் இடி, இன்ன அளவு நீர் என்று மேலிடத்து உத்தரவு வர வேண்டும். ஜிங் ஆற்று டிராகன் அரசன், ஒரு சோதிடனைப் பொய்யனாக்கிப் பார்க்கும் ஆசையால், மூன்றடி மூன்றங்குலமும் 48 துளியும் பெய்ய வேண்டிய மழையில் மூன்றங்குலமும் எட்டுத் துளியும் குறைத்து, நேரத்தையும் சற்றே தள்ளிவிட்டான். அதற்குத் தண்டனை சிரச்சேதம். அதை நிறைவேற்றியவரோ தாங் அரசவையின் மந்திரி வெய் செங். தாய்சுங் சக்கரவர்த்தியோடு சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்த அவர், ஆட்டத்தின் நடுவே கண்ணயர்ந்து கனவிலேயே அந்தத் தலையை வெட்டிவிட்டார்.

இறந்தவனுடைய குடும்பம் என்னவாயிற்று என்பதை அந்நாவல் பல அத்தியாயங்கள் தள்ளிச் சொல்கிறது. நம் வாசகர் மிகவும் அநுபவிக்கக்கூடிய இடம் அதுதான். அவன் மனைவி மேற்குக் கடலரசனின் தங்கை. விதவையான அவளைப் பிள்ளையோடு அண்ணன் தன் வீட்டுக்கு அழைத்து வைத்துக்கொள்கிறான். மூத்த பிள்ளைகளில் நால்வர் நான்கு பேராறுகளைக் காக்கிறார்கள். ஒருவன் புத்தரிடத்தில் மணியடிக்கிறான், மற்றொருவன் மேலுலக அரண்மனைத் தூணைச் சுற்றிக் காவல் நிற்கிறான். ஆக எல்லோருக்கும் உத்தியோகம் உண்டு. கடைக்குட்டி ஒன்பதாமவன் மட்டும் உதவாக்கரை. தாயும் இறந்தபின் தாய்மாமன் அவனைக் கருநீர் ஆற்றில் இருந்து பக்குவப்படும்படி அனுப்ப, அவனோ மேற்கே பயணம் போகும் பிக்ஷு திரிபிடகரைப் பிடித்து வைத்துக்கொண்டு, மாமனின் பிறந்தநாளுக்கு அந்த மாமிசத்தை விருந்தளிப்பதாக வெகு மரியாதையாக அழைப்போலை எழுதுகிறான். ஓலை குரங்கு வீரனின் கையில் சிக்கி மாமனிடமே போய்ச் சேர்கிறது. நடுநடுங்கிய மாமன், தன் மகன் மோஆங்கைப் படையோடு அனுப்பி மருமகனைக் கட்டி இழுத்துவரச் செய்கிறான். இரத்த பந்தம் ஒரு பக்கமும் மேலிடத்துப் பயம் ஒரு பக்கமும் இழுக்கும்போது இக்குலத்தார் எந்தப் பக்கம் சாய்வார்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. அந்த நாவலிலேயே ஒரு கடலரசன், அரண்மனை முத்துக்களைத் தீக்கிரையாக்கிய சொந்த மகனை மேலிடத்தில் காட்டிக்கொடுக்கிறான். அம்மகன்தான் பின்னர் போதிசத்துவர் குவான்யின் பரிந்து பேசியதால் உயிர் பிழைத்து, திரிபிடகரைச் சுமக்கும் வெள்ளைக் குதிரை ஆகிறான்.

விவாக விஷயத்தில் தாங் காலத்து லி சாவ்வெய் எழுதிய லியூ யியின் கதையே பிரமாணம். துங்திங் ஏரியரசனின் மகள் ஜிங் ஆற்றுக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு, புருஷனாலும் மாமனார் மாமியாராலும் கொடுமைப்படுத்தப்பட்டு, வனாந்தரத்தில் ஆடு மேய்க்கிறாள். பரீட்சையில் தேறாமல் ஊர் திரும்பும் லியூ யி அவளுடைய கடிதத்தை ஏரிக்கு எடுத்துச் சென்று, கரையிலுள்ள ஆரஞ்சு மரத்தை மும்முறை தட்டி உள்ளே புகுகிறான். தகப்பன் அழுகிறான், பழைய வெள்ளக் குற்றத்துக்காகத் தூணில் கட்டுண்டிருந்த சிற்றப்பன் சியந்தாங்கோ சங்கிலியை அறுத்துக்கொண்டு பறந்துபோய், ஆறு லட்சம் உயிர்களை மாய்த்து, எண்ணூறு லீ தூரத்துப் பயிரை அழித்து, அந்தப் புருஷனை விழுங்கிவிட்டுத் திரும்புகிறான். சட்டத்துக்கும் மனுவுக்கும் கட்டுப்படாத டிராகன் இவன் ஒருவனே. ஆசிரியருக்கும் அவன்மீது ஓர் ஒட்டுதல் இருப்பது வரிக்கு வரி தெரிகிறது.

'டிராகனுக்கு ஒன்பது பிள்ளைகள், ஒருவனைப்போல் ஒருவன் இல்லை' என்ற வழக்கு வேறொரு கிளை. ஹுங்சி சக்கரவர்த்தி (1488–1505) அப்பெயர்களைக் கேட்க, அறிஞர் லி துங்யாங் தொகுத்துக் கொடுத்த பட்டியலில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு விருப்பமும் அதற்கேற்ற இடமும் உண்டு: சங்கீதப் பிரியன் வாத்தியத்தின் தலையில், கொலைப் பிரியன் வாளின் கைப்பிடியில், வழக்குப் பிரியன் சிறைச்சாலை வாயிலில். பூலாவ் என்ற பிள்ளைக்குத் திமிங்கிலத்தைக் கண்டால் பயமாம்; ஆகவே அவன் உருவம் வைத்த மணியைத் திமிங்கில வடிவான கட்டையால் அடிப்பார்களாம், பயந்து உரக்கக் கத்தட்டும் என்று.

நியமனம் பெற்ற தெய்வம் கடமை தவறினால் குடிமக்களும் சும்மா இருப்பதில்லை. மழை பொய்த்த ஊர்களில் டிராகன் அரசனின் உருவத்தைக் கோயிலிலிருந்து தூக்கி வந்து வெயிலில் வைக்கும் வழக்கம் இருந்தது: வெப்பம் இன்னதென்று அதற்கும் தெரியட்டுமே! ஜியாசிங் சக்கரவர்த்தி (1796–1820) வறட்சியால் சினந்து டிராகனை மேற்கெல்லையிலுள்ள இலி ஆற்றங்கரைக்கு நாடுகடத்தினாரென்றும், அது பாதி வழி போனபின் மனமிரங்கித் திரும்ப அழைத்தாரென்றும் ஹுக் என்னும் பிரெஞ்சுப் பாதிரியார் எழுதிவைத்திருக்கிறார். இப்படித் தண்டிக்கிற அதே அரசர்கள் டிராகனின் உருவத்தைத் தங்கள் சொந்தச் சின்னமாகக் காத்துக்கொண்டார்கள். இரு கொம்பும் ஐந்து நகமும் உள்ள டிராகனைக் குடிகள் அணியலாகாதென்று யுவான் அரசு 1314-இல் விதித்தது. 1912-இல் முடியாட்சி ஒழிந்தபோது அந்த நகக்கணக்கும் ஒழிந்தது.

கதைகள் மட்டும் ஒழியவில்லை. 'தெய்வங்களின் நியமனம்' என்ற மிங் காலத்து நாவலில் ஆவ் குவாங்கின் மூன்றாம் மகன் ஆவ் பிங், நெசா என்னும் ஏழு வயதுச் சிறுவனால் கொல்லப்படுகிறான். அவன் தசைநாரை உருவி நெசா தன் தகப்பனுக்கு அரைக்கச்சை திரிக்கிறான். புகார் சொல்ல மேலுலகம் போன ஆவ் குவாங்கையும் வாயிலில் மறித்து அடித்துச் செதில்களைப் பிடுங்குகிறான். 2019-இல் வெளிவந்த 'நெசா' என்னும் சீன சித்திரப்படம் அதே கதையை டிராகன்களின் பக்கமாக நின்று சொல்கிறது. அங்கே கடலரண்மனை ஒரு சிறை. மேலுலகத்துக்காக அசுரர்களை அடக்கிக் கொடுத்த டிராகன்களே அவர்களுக்குக் காவலாகக் கடலடியில் கட்டுண்டு கிடக்கிறார்கள். குலத்தின் ஒரே நம்பிக்கையான ஆவ் பிங் மேலே புறப்படும்போது, ஒவ்வொருவரும் தத்தம் உடலின் மிகக் கடினமான செதிலைத் தாமே பிடுங்கிக் கொடுக்க, அவற்றையெல்லாம் கோத்து அவனுக்கு ஒரு கவசம் செய்கிறார்கள்.