ஆறு வோல்ட் ஜீப்பும் நம்ம கராஜும்

இரண்டாம் உலகப் போர் எண்டா நமக்கு ஹிட்லரும் ஹிரோஷிமாவும்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையில் குண்டு போட்டன. அன்றே மட்டக்களப்புக் கடலில் 'ஹேர்மிஸ்' என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலையும் மூழ்கடித்தன. அப்ப அம்பாறை மாவட்டமே கிடையாது, கல்முனையும் மட்டக்களப்புதான். 1944இல் மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகம் கண்டிப் பக்கம் வந்து சேர்ந்தது. அந்தப் போர்க்காலம் இலங்கைக்குக் கொண்டுவந்த வண்டிதான் ஜீப்.

1941 முதல் 1945 வரை வில்லிஸ், ஃபோர்ட் ரெண்டு கம்பனியும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்தன. போர் முடிய, படைகள் கழித்துவிட்டவை பொதுமக்கள் கைக்கு வந்தன. அவை போரில் ஓடின கதையை எழுதியவர்கள் ஏராளம். எண்பது வருசம் கழித்தும் அதில் ஒன்றை ஸ்டார்ட் பண்ண வைக்கிறவரைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. நாங்கள் எழுத வந்தது அவருடைய வேலையை.

மின்சார ஸ்டாட்டரை 1911இல் செய்து காட்டியவர் சார்ள்ஸ் கெட்டரிங் என்ற அமெரிக்கர். அதுக்கு முன்னம் இரும்புக் கம்பியை முன்பக்கம் விட்டுக் கையால் சுத்தணும். எஞ்சின் திருப்பி உதைத்தால் கை முறியும். போர்க்கால ஜீப்பில் ரெண்டு வசதியும் உண்டு. சாவியைத் திருப்பி ஸ்டார்ட் பண்ணுற கதை இல்ல, தரையில் இருக்கும் சுவிட்சைக் காலால் மிதிக்கணும். மிதித்தால் செப்புத் தொடுமுனைகள் ஒட்டி, பெட்டரி கரண்ட் நேரே மோட்டருக்குப் பாயும். மோட்டர் சுழல, பென்டிக்ஸ் என்ற திருகுத் தண்டிலுள்ள சின்னப் பல்சக்கரம் நகர்ந்துபோய் பிளைவீலின் பல்லைப் பிடிக்கும். எஞ்சின் பிடித்ததும் தானாகவே கழன்று திரும்பும்.

மிதித்தால் 'டக்' எண்டு ஒரு சத்தம், பிறகு ஒண்டுமில்ல. "ஸ்டாட்டர் போயிட்டு காக்கா, கழட்டுங்க" என்போம். அனுபவமுள்ளவர் கழட்ட மாட்டார், முதலில் எர்த் வயரைத்தான் தொட்டுப் பார்ப்பார். இந்த ஜீப்புக்கு 6 வோல்ட் பெட்டரி. அதே பலத்தை 12 வோல்டில் எடுப்பதை விட இரண்டு மடங்கு கரண்ட் ஓடணும். வயரிலும் மூட்டிலும் ஒரு வோல்ட் வீணானால் 12இல் பன்னிரண்டில் ஒரு பங்கு நட்டம். 6இலோ ஆறில் ஒரு பங்கு. நம்ம கரையின் உப்புக்காற்று எர்த் மூட்டில் பூக்க வைக்கும் பச்சைப் பூஞ்சணமே அதுக்குப் போதும். சுரண்டி, தடித்த வயர் போட்டு இறுக்கினால் பாதிக் கோளாறு அங்கேயே முடியும்.

மீதிக்குத்தான் திறக்கணும். தேய்ந்த காபன் பிரஷ், கறுத்த கொமியூட்டேட்டர், எரிந்த தொடுமுனை, தளர்ந்த புஷ். புஷ் தளர்ந்தால் ஆமேச்சர் சாய்ந்து உள்ளேயே உரசும். கொமியூட்டேட்டரை மெல்லிய சேன்ட் பேப்பரால்தான் துடைக்கணும். எமரி பேப்பர் ஆகாது. அதன் தூள் கரண்டைக் கடத்தும்.

இப்ப எல்லாரும் சொல்கிற குறுக்குவழி, 12 வோல்ட் பெட்டரியை மாட்டுவது. ஸ்டார்ட் ஆகும்தான், பொய்யில்லை. ஆனால் மோட்டர் அசுர வேகத்தில் சுழன்று, பல்சக்கரம் பிளைவீலில் போய் அறையும். பென்டிக்ஸ் ஸ்பிரிங் முறியும், பல் உடையும். பிளைவீல் பல்லை மாத்த கியர்பொக்ஸையே இறக்கணும். எர்த் வயரைச் சுரண்டப் பஞ்சிப்பட்டதுக்கு இந்தச் செலவு! எங்களுக்கு இது பழுது பார்த்தலாகவே தெரியவில்லை.

1970 முதல் 1977 வரை இறக்குமதி இறுகியிருந்த காலத்தில் புதுப் பாட்ஸை நம்பி யாரும் கராஜ் நடத்த முடியாது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றபோதும் இருக்கிற வண்டியைத்தான் ஓட்ட வேண்டியிருந்தது. இன்றைக்கு முழு ஸ்டாட்டரையே தூக்கிவிட்டு வேறொன்றைப் பூட்டுவது பழக்கமாகிவிட்டது. திறந்து பார்க்கிறவர்கள் வயசாளிகள். மருதமுனை நெசவைப் பற்றி எழுதுகிறோம், நல்லது. கராஜையும் எழுதுவோமே.

பழைய ஸ்டாட்டர் ஒன்றை யாராவது கழட்டி மேசையில் விரிக்கும்போது பக்கத்தில் நில்லுங்க. கேட்டுவிட்டு, போனில் வீடியோ எடுங்க. ஒவ்வொரு துண்டுக்கும் அவர் சொல்கிற பேரை அப்படியே எழுதி வைங்க. 'பென்டிக்ஸ்' என்பதே வின்சென்ட் பென்டிக்ஸ் என்ற மனிசனின் பேர்தான்.